அசைவு: கிழட்டுக் கினிப்பன்றியும் அதைப் பார்த்துக்கொள்பவர்களும்

இந்தப் பிராணிக்கு வைத்த பெயர் எதுவுமே ஒட்டவில்லை. கினிப்பன்றி என்கிறோம். அது பன்றியுமல்ல, ஆப்பிரிக்கக் கினியிலிருந்து வந்ததுமல்ல. சீமைப் பெருச்சாளி என்றும் தமிழில் எழுதியிருக்கிறார்கள். பெருச்சாளியும் கிடையாது, சீமைக்கே அது வந்தேறிதான். தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைக்குடிகள் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வீட்டுக்குள் கொண்டுவந்து வளர்த்த, வாலில்லாத, புல் தின்கிற சிறு பிராணி அது. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் வழியாக ஐரோப்பாவுக்குப் போயிற்று. நமக்கு அதிகம் பழகிய பெயர் வேறு ஒன்று: சோதனை எலி. ஆங்கிலத்தில் கினிப்பன்றி இருக்கும் இடத்தில் நாம் எலியைப் போட்டுக்கொண்டோம். மருந்துக் கம்பெனிகளுக்கு எதிரான துண்டறிக்கை தொடங்கி அணுஉலைக்கு எதிரான கூட்டம்வரை, 'நாங்க என்ன சோதனை எலிகளா?' என்று கேட்காத பேச்சாளர் அபூர்வம். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குள் ஓர் ஒப்புதலும் இருக்கிறது. எலிக்கு நடந்தால் சரி, எங்களுக்கு நடக்கக் கூடாது என்கிற ஒப்புதல். அதைக் கொஞ்சம் தோண்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தோண்டுவதற்கு ஆய்வுக்கூடத்துக் கினிப்பன்றியைவிட வீட்டுக் கினிப்பன்றியே உதவும் என்று தோன்றுகிறது. இங்கிலாந்து, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, அமெரிக்கா போன்ற நாடுகளில் அடுக்ககத்தின் மூலையிலோ குழந்தைகளின் அறையிலோ கூண்டுக்குள் வளர்வது. ஐந்திலிருந்து எட்டு வருடம் இருக்கும். கடைசி ஒன்றிரண்டு வருடங்களில் கிழமாகி நோயில் விழும். அப்போது அதைப் பார்த்துக்கொள்கிறவர்களின் மனசுக்கு என்ன ஆகிறது, அவர்கள் அதை எப்படித் தாங்குகிறார்கள் என்பதுதான் இங்கே விஷயம்.

இதைச் சொன்னபோது நண்பர் ஒருவர் கோபப்பட்டார். 'இங்க மனுசனுக்கே அழ ஆளில்ல. எலிக்கு அழறதப் பத்திக் கட்டுரையா?' கோபம் புரிகிறது. எவருடைய சாவு துக்கத்துக்குரியது, எவருடைய சாவு செய்தியாகக்கூட ஆகாதது என்கிற கேள்வியை ஜூடித் பட்லர் 2004லும் 2009லும் வெளிவந்த நூல்களில் போரை முன்வைத்து எழுப்பினார். அவர் பேசியது மனிதர்களைப் பற்றி. நானும் இரண்டையும் ஒரே தட்டில் வைக்கச் சொல்லவில்லை. துக்கம் அனுமதிக்கப்பட்டவர், அனுமதிக்கப்படாதவர் என்று பிரிக்கிற கோடு எந்த இயந்திரத்தால் போடப்படுகிறது என்பதை, அது மிகவும் வெளிறித் தெரிகிற ஓர் ஓரத்தில் நின்று பார்க்கலாம் என்பதுதான் என் கட்சி. அழுகை ரேஷன் அரிசி அல்ல, இங்கே கொடுத்தால் அங்கே குறைந்துபோவதற்கு.

முதலில் முதுமை. கினிப்பன்றியின் நீண்ட வரலாற்றில் முதுமை என்ற பருவமே அதற்குக் கிடைத்ததில்லை. ஆண்டீஸில் அதன் பெயர் குய். இறைச்சிக்காக வளர்ப்பவர்கள் பெரும்பாலும் மூன்று மாதத்தையொட்டி அறுத்துவிடுகிறார்கள். பெரு நாட்டின் குஸ்கோ பேராலயத்தில் மார்க்கோஸ் சப்பாத்தா 18ஆம் நூற்றாண்டில் வரைந்த இறுதி இராவுணவு ஓவியம் இருக்கிறது. கிறிஸ்துவின் முன்னால் தட்டில் மல்லாந்து கிடப்பது குய்தான் என்றே பலரும் அடையாளம் காண்கிறார்கள். அங்கே மருத்துவத்திலும் அதற்குப் பங்கு உண்டு. உயிருள்ள குய்யை நோயாளியின் உடம்பு முழுக்கத் தேய்த்து, பிறகு அதை அறுத்து, அதன் உறுப்புகளில் தெரியும் குறிகளை வைத்து நோயாளிக்கு எங்கே கோளாறு என்று வைத்தியர் சொல்வார். மனித நோயைத் தன் உடம்பில் வாங்கிக் காட்டுகிற பிரதி அது.

ஐரோப்பிய ஆய்வுக்கூடம் செய்ததும் ஏறக்குறைய இதேதான், வேறு மொழியில். 1882இல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியை நிறுவியபோது அந்தக் கிருமியை ஏற்றுக் காட்டிய உடல்களில் கினிப்பன்றியினுடையது முக்கியமானது. 1907இல் நார்வேயில் ஆக்செல் ஹோல்ஸ்டும் தியோடர் ஃப்ரோலிக்கும் வெறும் தானியம் கொடுத்து வளர்த்த கினிப்பன்றிகளுக்கு, கப்பலோட்டிகளைக் கொன்ற ஸ்கர்வி வந்தது. நம்மைப் போலவே அதன் உடம்புக்கும் வைட்டமின் சி தயாரிக்கத் தெரியாது. எலிக்குத் தெரியும். ஆக இது எலி அல்ல என்பதை முதலில் கண்டுகொண்டது பசியும் நோயும்தான். அதற்கும் முன்பு, 1897இல் பால் எர்லிக் டிப்தீரியா நஞ்சுக்கு அளவு நிர்ணயித்தபோது 250 கிராம் எடையுள்ள கினிப்பன்றி ஓர் அளவுகோலாகவே ஆனது. அதை நான்கு நாட்களில் கொல்லப் போதுமான மிகக் குறைந்த நஞ்சு எவ்வளவோ அதுதான் கணக்கு. 250 கிராம் என்பது இளங்குட்டி. கொல்லையிலும் சரி, கூடத்திலும் சரி, அது கிழமாக யாரும் விட்டதில்லை.

செல்லப்பிராணி என்கிற ஏற்பாடுதான் இதற்கு முதுமையைக் கொடுத்தது. அந்த ஏற்பாடு அப்படியொன்றும் கபடமற்றதல்ல. செல்லம் கொடுப்பதும் ஆள்வதும் ஒரே கையின் வேலைகள் என்பதை யி-ஃபு துவான் 1984லேயே ஒரு நூல் முழுக்க எழுதிவிட்டார். கடையில் மலிவாகக் கிடைப்பதால், பொறுப்பு கற்றுக்கொள்ளட்டும் என்று குழந்தைக்கு வாங்கித் தருகிற பாடப்பொருள் போலத்தான் பல வீடுகளுக்குள் இது நுழைகிறது. ஆனாலும் அங்கேதான் அது ஆறு வயதையும் ஏழு வயதையும் தொடுகிறது. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரில் 1979இல் செத்துப்போன ஸ்னோபால் என்பது பதினான்கு வயதும் பத்தரை மாதமும் இருந்ததாகச் சாதனைப் பதிவு இருக்கிறது. அது விதிவிலக்கு.

வரலாறு தராத பருவம் என்பதால் அந்தப் பருவத்தின் நோய்களைப் பற்றிய அறிவும் பின்தங்கியே இருக்கிறது. நாயும் பூனையும் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர் பலருக்கு இதைப் பார்க்கத் தெரியாது. நூறு வருடத்துக்கும் மேலாக மருத்துவம் இந்த உடம்பைத் திறந்து திறந்து பார்த்திருக்கிறது, ஆனால் அங்கே தேடியது நம்முடைய நோயை. மனிதர்களைக் காப்பாற்றிய பெனிசிலினை இதன் வாய்வழி கொடுத்தால் குடலின் நல்ல கிருமிகள் அழிந்து, கெட்டவை பெருகி, விலங்கு செத்துப்போகும். தெரியாத மருத்துவர் கையில் மருந்தே நஞ்சாகிவிடும் என்கிற பயம் வளர்ப்பவர்களுக்கு எப்போதும் உண்டு. மருத்துவரைத் தேர்ந்தெடுப்பதும் 'இந்த மருந்து இதுக்கு ஒத்துக்குமா?' என்று அவரையே திருப்பிக் கேட்பதும் அவர்கள் தலையில் விழுகிறது. படித்தவர்களும் கேட்கத் தயங்குகிற கேள்வி.

நோய்கள் என்னென்ன? பல் வாழ்நாள் முழுக்க வளரும். தேய்மானம் சமன் கெட்டால் கடைவாய்ப் பற்கள் நாக்கின் மேல் பாலம் போட்டுவிடும். அப்போது பசி இருக்கும், மெல்ல முடியாது. மயக்க மருந்து கொடுத்துப் பல்லைத் தேய்க்க வேண்டும். சில வாரங்களில் மறுபடி. பெண்களுக்கு மூன்று வயதுக்கு மேல் சினைப்பைக் கட்டி மிகச் சாதாரணம். சிறுநீர்ப்பையில் கல் வந்தால் ஒவ்வொரு முறை சிறுநீர் கழிக்கும்போதும் கத்தும். மூட்டுவாதம், கண்புரை, பாதப்புண், இதயக் கோளாறு எல்லாம் நம் வீட்டுப் பெரியவர்களின் பட்டியல் போலவே நீளும். எல்லாவற்றுக்கும் பொதுவான ஆபத்து ஒன்று. இதன் குடல் நிற்காமல் ஓடியாக வேண்டும். ஒருநாள் சாப்பிடவில்லை என்றாலே உயிருக்கு வந்துவிடும். எனவே உலர்புல் தூளைத் தண்ணீரில் குழைத்து, ஊசி கழற்றிய சிரிஞ்சில், சில மணிநேரத்துக்கு ஒருதரம், ராத்திரியிலும், வாயோரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும்.

இன்னொன்று, இது நோயை மறைக்கும். வேட்டையாடப்படுகிற இனம். மந்தையில் தளர்ந்து தெரிகிறதைத்தான் பருந்து முதலில் தூக்கும். கடைசிவரை தின்பதுபோல் வாயை அசைத்துக்கொண்டிருக்கும். வெளியே தெரியும்போது நோய் முற்றியிருக்கும். மௌனம் இங்கே பிழைப்பதற்கான உத்தி. அந்த உத்தியை அது நம்மிடமும் கடைப்பிடிக்கிறது என்பது, மடியில் வைத்துத் தடவிக்கொடுத்தவர்களைத் துளைக்கிற விஷயம். இத்தனை வருடம் வளர்த்தும் நான் இன்னும் பருந்துதானா?

மறைப்பதைக் கண்டுபிடிக்கத்தான் தராசு. பார்த்துக்கொள்பவர்களின் அன்றாடத்தில் மையமான பொருள் சமையலறைத் தராசு. வாரம் ஒருதரம், நோய் தொடங்கிவிட்டால் தினமும், ஒரே நேரத்தில் கிண்ணத்தில் உட்காரவைத்து நிறுத்து நோட்டில் எழுதுகிறார்கள். 1040, 1035, 1038, 990. வளர்ந்த கினிப்பன்றி பெரும்பாலும் 700 முதல் 1200 கிராம் வரை இருக்கும். ஒரே வாரத்தில் ஐம்பது கிராம் இறங்கினால் எங்கேயோ கோளாறு என்று அர்த்தம். அருமையான, மலிவான கருவி. பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. எர்லிக்கின் 250 கிராமுக்கும் இந்த 990 கிராமுக்கும் நடுவே இந்தப் பிராணியின் அரசியல் வரலாறு முழுவதும் கிடக்கிறது என்றே சொல்லலாம். நிறுப்பது அதேதான். அங்கே கொல்வதற்கு, இங்கே சாகாமல் பார்க்க.

ஆனால் கண்காணிப்பு கண்காணிப்பவரையும் உருவாக்குகிறது. மருத்துவமனையின் பார்வை எப்படிப் பிறந்தது என்று ஃபூக்கோ எழுதியதை நாமெல்லாம் மேற்கோள் காட்டிக் களைத்துவிட்டோம். அந்தப் பார்வை ஒரு சமையலறையில் தனிமனுசியின் கண்ணுக்குள் குடியேறுவதை இங்கே பார்க்கலாம். எண் ஏறினால் அன்றைக்கு நல்ல நாள். இறங்கினால் வேலையில் மனம் ஓடாது. புழுக்கைகளை எண்ணத் தொடங்குவார். அளவு சிறுத்திருக்கிறதா, ஈரமா என்று விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பார். மடியில் இருக்கிற விலங்கு மெல்ல மெல்ல நோயாளியாக மட்டும் ஆகிவிடும். அதுவும் கையைக் கண்டால் ஓட ஆரம்பிக்கும், ஏனென்றால் கை என்றால் இப்போது சிரிஞ்ச். சாவைவிட இந்தக் கட்டம்தான் பலரை உடைக்கிறது. 'அதுக்கு என்னைப் பிடிக்காமப் போச்சு' என்பது சாதாரணமாகக் காதில் விழுகிற புலம்பல்.

தமிழ் படித்தவனுக்கு இங்கே தொல்காப்பியம் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியாது. மெய்ப்பாட்டியலில் அழுகைக்கு நான்கு நிலைக்களன்கள் சொல்லப்படுகின்றன: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இழவு நமக்குத் தெரியும். அசைவை நாம் மறந்துவிட்டோம். முன்பிருந்த நிலை கெட்டுத் தளர்வதால் வருகிற வருத்தம் என்று உரையாசிரியர்கள் வழியே அதைப் புரிந்துகொள்ளலாம். சாவுக்கு அழுவது ஒன்று, சாயக் கண்டு அழுவது வேறொன்று என்று பிரித்துவைத்த கூர்மை அசாத்தியமானது. குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டதும் கூண்டின் கம்பியைப் பிடித்து விசில் அடித்தது இப்போது தலையை மட்டும் தூக்கிப் பார்க்கிறது என்றால், அந்த இடைவெளிதான் அசைவு. யாரும் சாகவில்லை, துக்கம் வந்துவிட்டது.

மேற்கத்திய உளவியல் இதை முன்கூட்டிய துயரம் என்கிறது. பாஸ்டனில் 1942இல் ஒரு கேளிக்கைவிடுதி தீப்பற்றிப் பலர் இறந்தார்கள். அதில் உற்றாரை இழந்தவர்களை ஆராய்ந்த எரிக் லிண்டமன் 1944இல் எழுதிய கட்டுரையில் இந்தக் கருத்து வருகிறது. போருக்குப் போனவன் செத்துவிடுவான் என்று பயந்து பயந்து முன்னாலேயே அழுது தீர்த்த மனைவி, அவன் உயிரோடு திரும்பியபோது அவனிடம் அன்பற்றுப் போயிருந்தாள் என்றொரு நிகழ்வை அவர் குறிப்பிடுகிறார். கினிப்பன்றி வளர்ப்பவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. மருந்து வேளை தவறாது, தராசு தவறாது, ஆனால் மனசு ஏற்கெனவே புதைத்துவிட்டு வந்திருக்கும். அனுபவப்பட்டவர்கள் சொல்லும் மாற்று மிகச் சாதாரணமானது. நிறுத்து எழுதிவிட்டு நோட்டை மூடிவிடு, அடுத்த முறைவரை திறக்காதே. ஒரு நாளில் ஒரு தடவையாவது கை மருந்தில்லாமல் போகட்டும். கொத்தமல்லித் தழை என்றால் கினிப்பன்றிக்கு உயிர். பல் கெட்டிருந்தால் பொடிசாக நறுக்கிக் கொடுக்கலாம். ராத்திரி முறையை வீட்டில் இன்னொருவரோடு பங்குபோட்டுக்கொள். கொத்தமல்லிக்கும் மனநலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிரிக்கலாம். கை மறுபடியும் கையாவதற்கு வேறு வழி இருப்பதாகத் தெரியவில்லை.

இளிவு என்பது பிறரால் இகழப்படுவதில் வருகிற அழுகை. 'பத்து ரூபாய்ப் பிராணிக்கா இந்த அழுகை, இன்னொண்ணு வாங்கிக்க வேண்டியதுதானே' என்கிற வாசகம் எல்லா மொழியிலும் இருக்கிறது. கென்னத் டோக்கா 1989இல் தொகுத்த நூலில், சமூகம் உரிமை மறுக்கிற துயரம் என்றொரு வகைமையை முன்வைத்தார். எந்த உறவுக்கு எவ்வளவு நாள், எவ்வளவு சத்தமாக அழலாம் என்பதற்குச் சமூகம் எழுதாத சட்டம் வைத்திருக்கிறது. அதற்கு வெளியே அழுகிறவர் வெட்கத்தோடு அழ வேண்டும். நாய் செத்தது என்றால் சக ஊழியர் தலையையாவது ஆட்டுவார். கினிப்பன்றி என்றால் உதட்டோரம் சிரிப்பு. அதனால் பலர் காரணத்தைச் சொல்லாமல், காய்ச்சல் என்று லீவு எடுக்கிறார்கள். இங்கிலாந்தின் புளூ கிராஸ் போன்ற அமைப்புகள் வளர்ப்புப் பிராணியை இழந்தவர்கள் பேசுவதற்கென்றே தொலைபேசி வசதி நடத்துகின்றன. பிராணி எது என்று கேட்டு அங்கே தரம் பிரிப்பதில்லை. வெட்கப்படாமல் சொல்ல ஒரு காது கிடைப்பதே பாதி நிவாரணம்.

வறுமையையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு தடவை மருத்துவரைப் பார்க்கிற செலவு பிராணியின் விலையைவிட அதிகம். அறுவைச் சிகிச்சை என்றால் பல மடங்கு. பணமில்லாததால் நிறுத்திக்கொண்டவர் ஆயுள் முழுக்கத் தன்னைக் கொலைகாரராக நினைக்கிறார். பணமிருந்தவர் தாங்காத கிழ உடம்பை மயக்கத்துக்கு அனுப்பி மேசையிலேயே இழந்துவிட்டு அதே சொல்லைத் தனக்குச் சூட்டிக்கொள்கிறார். விலைக்கும் துக்கத்துக்கும் தொடர்பிருக்க வேண்டும் என்கிற சந்தையின் தர்க்கத்தை இருவருமே உள்ளூர ஏற்றுக்கொண்டிருப்பதால் வருகிற அவஸ்தை இது.

குற்ற உணர்வு பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 'முன்னாடியே கவனிச்சிருந்தா' என்பது எல்லோரும் சொல்வது. மறைப்பதற்கென்றே பல லட்சம் வருடம் பழகிய உடம்பு அது. அது மறைத்ததில் வெற்றி பெற்றிருக்கிறது, அவ்வளவுதான். மருத்துவரிடம் நேராகக் கேட்டுவிடுவது நல்லது: எந்த அறிகுறி எப்போது என் கண்ணுக்குத் தெரிந்திருக்கக் கூடும்? பெரும்பாலும் பதில், ஒருசில நாட்களுக்கு முன்பு என்றுதான் வரும். அந்தப் பதிலோடு வாழ முடியும்.

பிறகு முடிவெடுக்கிற நாள். வலியோடு இழுத்துக்கொண்டிருக்கும் பிராணிக்கு மருத்துவர் மருந்து செலுத்தி உயிரைப் போக்குவது அந்த நாடுகளில் வழக்கம். ஆங்கிலத்தில் இதைத் தூங்க வைப்பது என்பார்கள். இந்த இடக்கரடக்கல் பெரியவர்களுக்கு ஆறுதல், குழந்தைகளுக்கு விபரீதம். நேற்றுத் தூங்க வைத்தது திரும்பவில்லை என்று பார்த்த பிள்ளை இன்றைக்குப் படுக்கப் பயப்படும். செத்துப்போச்சு, உடம்பு இனி வேலை செய்யாது என்று சொல்வதே சரி என்று குழந்தைகளோடு வேலை செய்கிறவர்கள் வலியுறுத்துகிறார்கள். எப்போது என்று முடிவெடுப்பதுதான் கொடுமை. இதற்கும் ஒரு வழி உண்டு. பிராணி ஓரளவு நன்றாக இருக்கும்போதே, அதற்கு எதெல்லாம் பிடிக்கும் என்று நான்கைந்து விஷயம் எழுதி வைத்துவிடுவது. வெள்ளரிக்காய்க்கு ஓடிவருதல், ஜோடியோடு ஒட்டிப் படுத்தல், விசில் இப்படி. அதில் பெரும்பகுதி போய்விட்டால் நேரம் வந்துவிட்டது. அன்றைய மனநிலை எடுக்கிற முடிவாக அது இராது; தெளிவாயிருந்த நாளில் தானே எழுதியதைப் படிப்பதாக இருக்கும். இதை ஏமாற்று வேலை என்று சொல்லலாம். கொலை செய்கிற அதிகாரம் நம் கையில் இருப்பதை எந்தப் பட்டியலும் மாற்றாதுதான். அதிகாரம் கையில் இருக்கும்போது அதை இல்லையென்று பாவிப்பதைவிட, எழுதி வைத்துக்கொண்டு சுமப்பது யோக்கியமானது.

கையறுநிலை என்கிற துறையைத் தொல்காப்பியர் காஞ்சித்திணையில் வைத்தார். இறந்தவருக்காக இருப்பவர் புலம்புவது. கினிப்பன்றி விஷயத்தில் இருப்பவர் என்பது மனிதர் மட்டுமல்ல. அது கூட்டமாக வாழ்கிற பிராணி. கூண்டில் இன்னொன்று இருக்கும். செத்த உடலைக் கொஞ்ச நேரம் அதன் அருகில் வைத்துவிட்டுப் பிறகு எடுங்கள் என்று வளர்ப்பவர்கள் சொல்கிறார்கள். சிலது முகர்ந்துவிட்டுப் புல் தின்னப் போய்விடும். சிலது பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும், நாட்கணக்கில் சரியாகத் தின்னாது. தராசு இப்போது அதற்காக வெளியே வரும். அதைத் தனியாக விடவும் கூடாது. சுவிட்சர்லாந்தில் 2008இல் நடைமுறைக்கு வந்த விலங்குப் பாதுகாப்பு விதிகளின்படி கினிப்பன்றியை ஒற்றையாக வளர்ப்பது சட்டவிரோதம். துணைக்கு ஒரு குட்டி வாங்கினால் கிழம் செத்ததும் குட்டி ஒற்றையாகிவிடும், அதற்கு இன்னொன்று, இப்படி முடிவே இல்லை. துக்கத்தை நிறுத்த விரும்புகிறவருக்கும் நிறுத்த வழியில்லாத சங்கிலி. அங்கேயே இதற்கு ஓர் ஏற்பாடும் முளைத்தது: மிஞ்சிய கிழத்துக்குத் துணையாகக் கினிப்பன்றியை வாடகைக்குத் தருகிறார்கள். கிழத்தின் காலம் முடிந்ததும் துணையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். துணையையும் வாடகைப் பண்டமாக்கிவிட்டது முதலாளியம் என்று ஒரு பத்தி எழுதிவிடலாம், எழுத வரும். ஆனால் கடைசியாய் மிஞ்சியது யாருமற்றுச் சாகாமல் இருக்கிறது. வளர்த்தவர் நோட்டை மூடிவைக்கலாம். வாடகைக்கு வந்ததும் வயதானதாக இருந்தால் முதலில் எது போகும் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.